கிரிபண்டாவின் பெயரில் ஒரு காணி

மாத்தளையில் நான் கடைசியாக வேலை செய்த, உறுதி என்ற காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு அலுவலகத்தில் இப்போது இரண்டு இளம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு இன்னொருவர் நலனுக்கு எழுதிவைக்கும் ட்ரஸ்ட் உறுதிக்கு அவர்களுடைய கணினியில் ஆயத்தமாக ஒரு படிவம் இருக்கிறது. பெயர்களையும் காணியின் எல்லைகளையும் போட்டால் உறுதி வெளியே வந்துவிடும். போன மாதம் அவர்களில் ஒருத்தி, ஒரு குடும்பத்துக்கு எந்த விதமான ட்ரஸ்ட் பொருந்தும் என்று குழம்பிப்போய் இருந்தாள். சட்டம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நொத்தாரிசு அம்பலவாணர் ஐயாவிடம் நான் இருந்த காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றாள்.

நான் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் வேலையும் இல்லை, மாவும் இல்லை. அங்கேயே படுத்துக் கிடப்பதைவிட நடப்பது சுலபமாக இருந்தது. லொறியில் கிளீனராக இருந்தேன். கலேவெலையில் புகையிலைச் சூளைக்கு விறகு போட்டேன். வில்கமுவவில் காடு வெட்டப் போய், மலேரியா பிடித்து, ஒரு டிராக்டர் பெட்டியில் படுத்தபடி திரும்பி வந்தேன். ஓரிடத்தில் இருப்பது எனக்கு அப்போது வராது.

ஐயாவிடம் நான் போய்ச் சேர்ந்ததும் அப்படி ஒரு அலைச்சலில்தான். உறுதி முடிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் கையெழுத்து வைப்பவரை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு மனிதர் பஸ் நிலையத்தில் நின்ற என்னை, சோறு வாங்கித் தருவதாகச் சொல்லிச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இவரை உனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். பஸ் நிலையத்தில் இருந்து இங்கே வரும் தூரம் அளவுக்குத் தெரியும் என்றேன். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். சோறும் அவரோடு போனது. ஐயா சிரிக்கவில்லை. தன் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, இந்த மாவட்டத்தில் உனக்கு எந்தெந்த வழி தெரியும் என்று கேட்டார். எல்லாம் தெரியும் என்றேன். அது உண்மை.

அதற்குப் பிறகு என் வேலை காணி பார்க்கப் போவது. உறுதி எழுதும் முன் அந்தக் காணிக்குப் போய், அங்கே யார் இருக்கிறார்கள், பலாக்காயை யார் பறிக்கிறார்கள், கிணற்றில் யார் அள்ளுகிறார்கள், வேலியை யார் அடைக்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். எல்லையை உறுதியில் பார்க்கலாம், மிச்சத்தைப் போய்த்தான் பார்க்க வேணும் என்பார் ஐயா. மற்ற நொத்தாரிசுகளிடம் இப்படி ஒரு ஆள் இருக்கவில்லை. நான் இடையிடையே சொல்லாமல் கிளம்பிவிடுவேன். ஹபரணைப் பக்கம் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வருவேன். திரும்பி வந்தால், நேற்று விட்ட இடத்தில் இருந்து பேசுவதுபோல், "நாலந்தாவிலை ஒரு காணி இருக்குது, போய்ப் பாத்திட்டு வா" என்பார்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, சந்தனப் பொட்டு. வருகிறவர்களை மேசைக்கு எதிரே இருத்த மாட்டார். தன் கதிரையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். முதல் நாள் பேனாவைத் தொட மாட்டார். சொத்தைப் பற்றியும் முதலில் கேட்க மாட்டார். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வருத்தம், யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்பார். கடைசியில்தான் காணி. உறுதி எழுதி முடிந்ததும் அவரே உரக்க வாசித்து, ஒவ்வொரு பந்தியாகத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கி, இப்போது நீர் எனக்குச் சொல்லும் என்பார். கையெழுத்து வைக்கிறவர் தன் வாயால் திருப்பிச் சொல்லி, அது எழுதியதோடு ஒத்துப் போனால்தான் பேனா கைமாறும். ஒத்துப் போகாவிட்டால் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். விளங்காதவன் மேல் அவர் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. விளங்கினதாகத் தலையாட்டுகிறவன் மேல்தான் கோபிப்பார்.

வீராசாமி வந்தது, தமிழருக்கு எதிரான எழுபத்தேழுக் கலவரத்துக்கு அடுத்த வருசம். நாலந்தாவுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில், ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தவர். கண் இரண்டும் புகையில் பழுத்துப்போய் இருந்தன. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் லெட்சுமி. முப்பது வயதைத் தாண்டியவள், வலிப்பு நோய்க்காரி, நெஞ்சில் கள்ளம் இல்லாதவள். காசைக் காட்டினால் எது பெரிது என்று தெரியாது. யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும் கேட்டதைக் கொடுத்துவிடுவாள்.

வீடும் ஒரு ஏக்கர் மிளகுத் தோட்டமும் இருந்தன. ஆனால் வீராசாமியின் பெயரில் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் பலரையும்போல், காணி வாங்கிய காலத்தில் அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருக்கவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவர் காணி வாங்கினால் காணியின் பெறுமதி அளவுக்கே வரியும் கட்ட வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் பலரும் செய்ததை அவரும் செய்தார். அதே புகைக்கூடத்தில் தன்னோடு வேலை செய்த கிரிபண்டா என்ற சிங்கள நண்பரின் பெயரில் உறுதியை எழுதிவிட்டார். இருவருக்கும் இடையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கிரிபண்டாவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம்.

இப்போது வீராசாமிக்குப் பிரஜாவுரிமை வந்துவிட்டது. நெஞ்சு நோயும் வந்துவிட்டது. சிங்களவன் பெயரில் இருக்கிற காணியை முதலில் உன் பெயருக்கு மாற்று என்று தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை நெருக்கினார்கள். கலவரத்தில் லயங்கள் எரிந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மாற்றி எடுத்து, தங்கச்சி மகன் முருகேசுவுக்கு நன்கொடையாக எழுதி, லெட்சுமியை அவன் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாம் என்பது வீராசாமியின் யோசனை.

"முருகேசு நல்லவனோ?" என்று ஐயா கேட்டார்.

"நல்ல பயதாங்க. குடி கிடையாது."

"எங்கை இருக்கிறான்?"

"வவுனியாவுக்குப் போறாங்க. இங்க இனி இருக்க ஏலாதுன்னு குடும்பத்தோட போறான். லெட்சுமியையும் கூட்டிட்டுப் போறேங்கிறான்."

"அவ போவாவோ?"

வீராசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். ஐயா என்னைப் பார்த்தார். அடுத்த நாள் நான் நாலந்தாவுக்குப் பஸ் ஏறினேன்.

லெட்சுமி மிளகுக் கொடிகளுக்கு நடுவில் நின்றாள். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒன்றுக்குக் கங்காணி என்று பெயர், ஏனென்றால் அது பக்கத்து மரத்துக்கும் கை நீட்டியது. நான் யார், ஏன் இவ்வளவு மெலிவு, பெண்சாதி சோறு போடுவதில்லையா என்று கேட்டாள். பெண்சாதியே இல்லை என்றதும், யார் உன்னைக் கட்டுவாள் என்று சிரித்தாள். முருகேசுவின் வீட்டில் அவளை ஒரு முறை கொண்டுபோய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிடவில்லை, படுக்கவில்லை, வலிப்பு அடுத்தடுத்து வந்தது. கடைசியில் அவளாகவே பெரிய ரோட்டைப் பிடித்து நடந்து வந்துவிட்டாள். காலில் செருப்பு இல்லை. இதைச் சொன்னது கிரிபண்டாவின் மூத்த மகள் பொடிமெனிக்கே. வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டே லெட்சுமியின் தலையில் சிக்கெடுத்தாள். லெட்சுமி அவளை இடையிடையே கிள்ளினாள்.

திரும்பி வந்து இதையெல்லாம் ஐயாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

அடுத்த முறை வீராசாமி வந்தபோது ஐயா அவருக்கு வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். லெட்சுமியின் பெயருக்கே எழுதினால், அவளுடைய பெருவிரலைப் பிடித்து மை தடவ வருகிறவர்களை யார் தடுப்பது? முருகேசுவுக்கு நன்கொடையாக எழுதினால் காணி அவனுடையது. நிபந்தனையை அவன் மீறினால் வழக்குப் போட வேண்டியவள் லெட்சுமி. மரண சாசனம் எழுதலாம் என்றால், தன் பெயரில் இல்லாத காணியை எந்தச் சாசனத்தில் எழுதுவது? முன்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாற முடியாமல் கட்டிவைக்கும் ஒரு பழைய முறை இருந்தது, அதையும் எழுபத்திரண்டில் சட்டம் எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது ட்ரஸ்ட்.

"ஆனா அதுக்கு ஒரு ஆள் வேணும் காணும்," என்றார் ஐயா. "எழுத்து எல்லாம் பிறகு. உமக்கு வருத்தம் கடுமையாகி ஆஸ்பத்திரிக்குப் போனா, வீட்டுத் திறப்பை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போவீர்?"

"சாவியா? பண்டாகிட்டத்தாங்க."

"பிறகென்ன?"

வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார். பண்டாவிடம் எழுதிக் கேட்க முடியாது என்றார். இத்தனை வருசம் வாய்ப்பேச்சில் வைத்திருந்தவனிடம் இப்போது போய்த் தாள் கேட்டால், கலவரத்துக்குப் பிறகு நீயும் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று அவன் நினைத்துவிடுவான். அந்த மனம் முறிவதைவிடக் காணி போனாலும் பரவாயில்லை என்றார். ஐயா அவரை வற்புறுத்தவில்லை. யோசித்துவிட்டு வாரும் என்று அனுப்பிவிட்டார். மகளுக்கு இருக்கும் ஒரே இடத்தை இப்படி ஒரு கூச்சத்துக்காக விடுவதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐயாவோ, அது கூச்சமில்லை, அதுதான் அந்த ஆளிட்டை இருக்கிற சொத்து என்றார்.

ஒரு நாள் காலை கிரிபண்டாவே வந்தார். வீராசாமியையும் கூட்டி வந்திருந்தார். உயரமான மனிதர், கோவிலுக்குப் போகிறவர்போல் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும். புகைக்கூடத்தில் பழகிய தமிழில்தான் பேசினார்; ஐயாவை மட்டும் சிங்களத்தில் மாத்தயா என்றார். காணியை வீராசாமி பெயருக்கு மாற்றப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றார்.

என்னால் வீராசாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐயா மட்டும் அசையாமல், ஏன் என்று கேட்டார்.

"மாத்தயா, அந்தக் கலவர நாள்ல ஆள்கள் வந்தாங்கதானே. தமிழன் வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. நான் வேலிக் கடப்புல நின்னு, இது என்ட வீடு, என்ட காணின்னு சொன்னேன். போயிட்டாங்க."

"சரி."

"எனக்குப் பொய் வராது மாத்தயா. வீராசாமிக்குத் தெரியும். சின்ன வயசில இருந்தே வராது, முகத்தில தெரிஞ்சிரும். அன்னைக்கு நான் சொன்னது பொய் இல்ல. என்ட பேர்லதான் இருக்கு. இவன் பேருக்கு மாத்தினா, திரும்ப வந்தாங்கன்னா நான் என்ன சொல்றது?"

வெளியே தம்புள்ளைக்குப் போகிற பஸ்ஸுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிரிபண்டா இன்னொன்றும் சொன்னார். காணி தன் பெயரில் சும்மா கிடந்தாலும் சரியில்லை. தான் செத்தால் அது தன் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிடும். பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் மருமகன்மார் இருக்கிறார்கள். அதனால் தன்னைக் கட்டிப்போடுகிற மாதிரி ஒரு எழுத்து வேண்டும். ஆனால் காணியைத் தன்னிடமிருந்து எடுக்கவும் கூடாது. அப்படி ஒரு எழுத்து சட்டத்தில் இருக்கிறதா?

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுதான் ட்ரஸ்ட் என்று சொன்னார். காணி பொறுப்பாளருடையது, அவர் தன்னுடையது என்று யாரிடமும் சொல்லலாம், நீதிமன்றத்திலும் சொல்லலாம். ஆனால் அதில் விளைவதும் அதில் வாழ்வதும் மற்றவருக்கு.

"அப்ப பொய் இல்லையா?"

"பொய் இல்லை."

வீராசாமி அழுதுகொண்டிருந்தார். கிரிபண்டா அவரைத் திரும்பிப் பார்த்து, புகைக்கூடத்துக் கண்ணு, எப்பவும் தண்ணிதான் என்றார்.

அந்த உறுதியை எழுத ஐயா பல நாட்கள் எடுத்தார். கிரிபண்டா தானே பொறுப்பாளர் என்று பிரகடனம் செய்வதாக எழுதினார். விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது. மிளகு விற்ற பணம் லெட்சுமியின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். லெட்சுமியை அந்த வீட்டிலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு ஐயா தனியாக ஒரு பந்தி வைத்தார். கிரிபண்டாவுக்குப் பிறகு யார் என்ற இடத்தில் எல்லாரும் அவருடைய மகனை நினைத்தார்கள். நான், தலையில் சிக்கெடுத்த பொடிமெனிக்கேயைப் பற்றிச் சொன்னேன். அவளைக் கேட்டு எழுதினார்கள். லெட்சுமிக்குப் பிறகு காணி யாருக்கு என்று வந்தபோது, கிரிபண்டாவின் பிள்ளைகளுக்கே போகட்டும் என்றார் வீராசாமி. ஐயா மறுத்தார். ஒருத்தியைக் காவல் காக்கிறவனுக்கு அவள் செத்தால் லாபம் வருகிறதுபோல் எழுதக் கூடாது, ஆள் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் எழுதக் கூடாது என்றார். கிரிபண்டா உடனே தலையாட்டினார். முருகேசுவின் பிள்ளைகள் பெயர் அங்கே ஏறியது.

கையெழுத்து நாளில் ஐயா வாசித்து முடித்து, இப்போது நீர் சொல்லும் என்றார். கிரிபண்டா எழுந்து நின்றுகொண்டு சொன்னார். காணி என்னுடையது, எனக்கு இல்லை என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஐயா பேனாவைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருசத்தில் வீராசாமி இறந்துபோனார். நிம்மதியாகத்தான் போனார் என்று பொடிமெனிக்கே சொன்னாள். லெட்சுமி அந்த வீட்டிலேயே இருந்தாள். பகலில் மிளகு, இரவில் பொடிமெனிக்கேயின் சின்னப் பிள்ளையோடு படுக்கை. நான் அந்தப் பக்கம் போகும்போது, இன்னமும் உன்னை ஒருத்தியும் கட்டவில்லையா என்று கேட்பாள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மாத்தளை எரிந்தது. ஐயாவின் அலுவலகமும் எரிந்தது. ஐயாவை அகதி முகாமில் இருந்து கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். உறுதிகளின் பிரதிகள் காணிப் பதிவகத்தில் இருக்கின்றன, பயப்பட வேண்டாம் என்று ஆட்களுக்குச் சொல்லு என்பதுதான் அவர் எனக்குக் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

நான் அலுவிகாரையில் ஒரு பேக்கரியின் பின்புறம் விறகு பிளந்து கொடுத்துக்கொண்டு அங்கேயே படுத்தேன். பஸ்கள் திரும்ப ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, கிரிபண்டா என்னைத் தேடி வந்தார். அதே வெள்ளைச் சாரம். விறகுக் கட்டையில் உட்கார்ந்தார். முதலில் ஐயாவைப் பற்றிக் கேட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

இந்த முறை லொறியில் வந்திருக்கிறார்கள், வெளியூர் ஆட்கள். அவர் கடப்பில் நின்று, இது என் வீடு, என் காணி என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் நம்பிவிட்டார்கள். போகத் திரும்பியபோது சத்தம் கேட்டு லெட்சுமி வெளியே வந்துவிட்டாள். தமிழ்ப் பெண் என்று காட்டிக்கொடுக்கும் மூக்குத்தியோடு வந்து நின்றாள். இவள் யார் என்று ஒருவன் கேட்டான்.

"என்ட மகள்ன்னு சொல்லிட்டேன்," என்றார் கிரிபண்டா.

"பிறகு?"

"அவ ஒண்ணும் விளங்காம, இவ்வளவு பேருக்கும் பிளேன் டீ ஊத்தவான்னு சிங்களத்தில கேட்டா. சீனி இல்லேன்னும் சொன்னா. ஒருத்தன் சிரிச்சிட்டான். ஏறிப் போயிட்டாங்க."

நல்லதுதானே என்றேன். அவர் முகம் தெளியவில்லை. கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டைப் பற்றிச் சொன்னது உண்மை, பிள்ளையைப் பற்றிச் சொன்னது உண்மை இல்லை, அன்றிலிருந்து நித்திரை சரியில்லை என்றார். பன்சலையில் பிக்கு ஹாமதுருவிடம் கேட்டாராம். அவர் பரவாயில்லை என்றுதான் சொன்னாராம். ஆனால் அவர் சட்டம் தெரிந்தவர் இல்லையே.

"காணிக்கு எழுதின மாதிரி இதுக்கும் ஒண்ணு எழுத ஏலுமா தம்பி? அப்ப பொய் இல்லைதானே."

ஐயா இருந்திருந்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. பிள்ளை எடுத்து வளர்க்க எழுதுகிற உறுதிகளைப் பற்றி அவர் பேசிக் கேட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அது. லெட்சுமிக்கு நரை தொடங்கிவிட்டது.

"ஏலாது பண்டா அண்ணே. இந்த வயசுக்கு அப்படி எழுத்து கிடையாது."

"அப்ப, திரும்ப வந்து கேட்டா?"

"இதையே சொல்லுங்க."

"பொய்யையா?"

"பொய்தான். அதையே சொல்லுங்க."

அவர் பேக்கரியின் கூரைக்கு மேலால் புகை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சாரத்தின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். லெட்சுமிக்கு என்று பேக்கரியில் சீனிப் பணிஸ் இரண்டு வாங்கினார். அவள் காத்திருப்பாள், இருட்ட முன் போக வேண்டும் என்றார். பஸ் வந்தபோது மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி தம்பி," என்றார். "அப்ப பழகிக்கிறேன்."